மூடியில்லா டார்ச்சுக்கு ஒரு மெய்க்கீர்த்தி

அவசர விளக்கு செய்யும் பெருமக்களே, உங்களைப் புகழாமல் இருக்க முடியவில்லை. பூந்தமல்லியிலோ குன்றத்தூரிலோ ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் போய் நின்றால் போதும், உங்கள் கற்பனை வளம் அலமாரி முழுக்க அடுக்கியிருக்கிறது. ஒரு டார்ச்சுக்குள் 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. பக்கத்து டார்ச்சுக்குள் லித்தியம். கரண்ட் போனால் தானாக எரியும் பல்புக்குள் விரல் பருமனில் ஒரு செல், ஈயம் வைத்துப் பற்றவைத்தது. கொசு பேட்டுக்குள் இன்னொரு ஜாதி. சார்ஜ் ஏற்ற ஒன்றில் இரண்டு முள் பிளக் பின்பக்கமிருந்து நீண்டு வரும். ஒன்றில் உருண்டைத் துளை. ஒன்றில் மைக்ரோ யுஎஸ்பி. போன மாதம் வந்ததில் டைப்-சி. ஒரே கடை, ஒரே அலமாரி, சார்ஜ் ஏற்ற நாலு வித வழி. ஒன்றின் வயிற்றில் இருப்பது இன்னொன்றுக்கு உதவிவிடக் கூடாது என்பதில் நீங்கள் காட்டும் கவனத்தை, உயிர் காக்கும் தொழிலில் இருக்கும் பலரிடம்கூட நான் பார்த்ததில்லை.

அதைவிடப் பெரிது எங்கள் மேல் நீங்கள் வைத்திருக்கும் அக்கறை. பேட்டரியை எங்கள் கையில் விட்டால் எதையாவது செய்துவிடுவோம் என்று, டார்ச்சுக்கு மூடியே வைக்காமல் ஒட்டிக் கொடுத்தீர்கள். ஸ்குரு இருந்தால் அதன்மேல் ஸ்டிக்கர். ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போயிற்று. வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் பேரிடர் மேலாண்மைக்காரர்கள், டார்ச்சையும் கூடுதல் பேட்டரியையும் எடுத்து வையுங்கள் என்று நமக்குச் சொல்கிறார்கள். கூடுதல் பேட்டரியை எங்கே போடுவது? மூடியில்லாத டார்ச்சுக்கு முன்னால் அந்த அறிவுரை செல்லாக்காசாகிவிடுகிறது. அரசாங்கத்தின் அறிவுரையையே மாற்றி எழுதும் ஆற்றல் உங்களுக்கு வாய்த்திருக்கிறது.

உங்கள் காலக்கணக்கும் வியப்புக்குரியது. ஈய அமில பேட்டரியின் குணம் உங்களுக்குத் தெரியும். சார்ஜ் இறங்கிய நிலையில் அதை அப்படியே போட்டு வைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் பிளக்கில் மாட்டினாலும் ஏறாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். அவசர விளக்கோ வருஷத்தில் பதினோரு மாதம் பரணில் கிடக்கிற பொருள். சித்திரையில் வாங்கிய விளக்கு, ஐப்பசியில் எடுத்துச் சுவிட்சைத் தட்டும்போது எரியாமல் போவது இப்படித்தான். பரணில் கிடக்கும் என்று தெரிந்தே, பரணில் கிடந்தால் சாகும் பேட்டரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மாற்று பேட்டரி வாங்கப் போனால் வேலை செய்கிற கூலியோடு சேர்த்துப் புது விளக்கின் விலையை ஒட்டி வருகிறது. ஆக, புது விளக்கு. பழையது ஈயத்தோடும் அமிலத்தோடும் குப்பைக்கு. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-லேயே வந்துவிட்டன; செய்தவரே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஆனால் பேட்டரி தனியே கழன்று வந்தால்தானே தனியே சேர்க்க முடியும்? அந்தத் தொல்லையையும் நீங்களே நீக்கிவிட்டீர்கள். சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில்கூட வீட்டுக் குப்பையோடு குப்பையாகப் பழைய விளக்கு போய்ச் சேர்கிறது.

அந்த ஏரியைப் பற்றிச் சொல்லாமல் உங்கள் புகழ் நிறைவடையாது. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பர் 1 இரவு அதிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றுக்குப் போனது. சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று, உபரிநீர் திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கை அறிவிப்பில் வரும் ஊர்கள் இருக்கின்றன. அந்த இரவுக்குப் பிறகு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மறு ஆண்டு டிசம்பரில் வர்தா புயல் வந்து கம்பங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மறுபடி தண்ணீர், மறுபடி இருட்டு. அப்படிப்பட்ட இருட்டில் ஒரு குடும்பம் மாடியில் உட்கார்ந்திருக்கிறது. டார்ச் செத்துவிட்டது, ஆனால் அருமையான பேட்டரி ஒன்று கொசு பேட்டுக்குள் உயிரோடு இருக்கிறது. கைபேசி செத்துவிட்டது, ஆனால் அவசர விளக்கில் பாதி சார்ஜ் மிச்சம். பாட்டியின் காதுக் கருவி, தாத்தாவின் குளுக்கோமீட்டர், பிள்ளையின் ரேடியோ, ஒவ்வொன்றும் தன் தன் தீவில். வீட்டுக்குள் தேவையான மின்சாரம் இருக்கிறது. அது வேண்டிய இடத்துக்குப் போக வழியில்லை. அண்டை வீட்டுக்காரர் கொடுக்கத் தயாராக இருந்தும் அவருடையது பொருந்தாது. இந்த ஏற்பாட்டைச் செய்து முடிக்க எத்தனை பொறியாளர்கள் உழைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்த உழைப்பு உண்மையானது. அது எந்தப் பக்கம் போயிற்று என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் இவ்வளவு மெனக்கெடவில்லை. திருவொற்றியூரில் எவரெடி ஆலை இருந்த காலத்தில் பேட்டரிக் கட்டை என்றால் ஒரே கட்டைதான். டி அளவு: குறுக்களவு 34 மில்லிமீட்டர், உயரம் 61, ஒன்றரை வோல்ட். எவரெடியோ நிப்போவோ, ரெண்டு கட்டை டார்ச்சோ மூணு கட்டை டார்ச்சோ, ரேடியோவோ, எதிலும் போகும். வெளிச்சம் மங்கினால் ரேடியோவிலிருந்து உருவி டார்ச்சில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவார்கள். பிறகு வந்த பென்சில் கட்டையும் அப்படித்தான்: ஏஏ அளவு, 14.5 மில்லிமீட்டர் குறுக்களவு, 50.5 உயரம். டோக்கியோவில் செய்ததும் நெல்லூரில் செய்ததும் ஒரே பள்ளத்தில் உட்காரும். காதுக் கருவிக்கான பித்தான் பேட்டரிக்கு உலகம் முழுக்க ஒரே நிற அடையாளம் வைத்திருக்கிறார்கள். 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 10-க்கு மஞ்சள், 675-க்கு நீலம். எழுத்து தெரியாத பாட்டியும் நிறத்தைச் சொல்லி வாங்கலாம். போட்டிக் கம்பெனிகள் கூடி உட்கார்ந்து ஒத்துக்கொண்ட அளவுகள் இவை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்று ஒரு மரக்கால் வருகிறது. அது ராஜகேசரி என்ற அளவோடு ஒத்திருக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். யார் நெல் அளந்தாலும் அதே மரக்கால். ஆயிரம் ஆண்டுக்கு முன் நெல்லுக்குத் தெரிந்தது இன்று லித்தியத்துக்குத் தெரியவில்லை.

பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் தொழில் நெடுஞ்சாலையிலேயே வேறொரு கதையும் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பர் 1-இல் நின்றது. அந்தக் கம்பெனியின் மலிவு விலைக் கைபேசிகள் பலவற்றில் பிஎல்-5சி என்ற பேட்டரி இருந்தது. 3.7 வோல்ட், தீப்பெட்டியைவிடத் தட்டை. அதை உலகத் தரமாக்க யாரும் குழு போடவில்லை. கைபேசி எண்ணிக்கை பெருகியதால் அது எங்கும் கிடைத்தது. எங்கும் கிடைத்ததால் ரேடியோ செய்கிறவரும் சின்ன ஸ்பீக்கர் செய்கிறவரும் அதையே போட்டார்கள். ஆலை போயிற்று, பேட்டரி அளவு போகவில்லை; சென்னை ரிச்சி தெருவில் இன்றும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். 2007 ஆகஸ்டில், ஜப்பானிய நிறுவனம் ஒன்று செய்த பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் சூடேறக்கூடும் என்று நோக்கியா அறிவித்தது. மக்கள் என்ன செய்தார்கள்? கட்டைவிரலால் பின்மூடியைத் தள்ளி, பேட்டரியைக் கையில் எடுத்து, எண்ணைப் பார்த்தார்கள்; பழுதாக இருந்தால் பேட்டரியை மட்டும் இலவசமாக மாற்றிக்கொண்டார்கள். அத்தனை பெரிய பிழையை அத்தனை எளிதாகத் திருத்த முடிந்ததற்கு அந்தப் பின்மூடிதான் காரணம். அதைத்தான் நீங்கள் ஒட்டிவிட்டீர்கள்.

ஒட்டியதைப் பிரிக்க முடியாது, துளையை மாற்றுவது கடினம் என்று சொல்வீர்கள். ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் போய்ப் பாருங்கள். 2022-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் 14 கூட்டியவர்கள் அதற்கு லைட்னிங் துளை வைத்தார்கள். 2023-இல் ஐபோன் 15-க்கு அதே கைகள் டைப்-சி வைத்தன. நடுவில் வந்தது ஒரு சட்டம். ஐரோப்பிய ஒன்றியம், 2024 டிசம்பர் 28 முதல் கைபேசி எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்று விதித்தது. 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று இன்னொரு விதியும் போட்டிருக்கிறது. பாரிஸில் இருக்கிறவருக்காகக் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெண் துளையை மாற்றி வைக்கிறாள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இறங்கி இருட்டில் விடுதிக்கு நடக்கும்போது அவள் கையில் இருக்கும் டார்ச்சுக்கு அந்த விதி இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்கான தரத்தை 2023-லேயே வெளியிட்டுவிட்டது. தரம் எழுதியாயிற்று, அவசர விளக்குக்கு அதைக் கட்டாயமாக்க ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

கம்பியில்லா டிரில்லிங் மெஷினும் அறுக்கும் மெஷினும் செய்கிறவர்களையும் வாழ்த்த வேண்டும். எல்லாரும் 18 வோல்ட் என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் ஒருவருடைய பேட்டரி இன்னொருவருடைய மெஷினில் ஏறாதபடி காடியை மாற்றி வார்க்கிறார்கள். வெள்ளத்தில் கதவை அறுக்க வேண்டியவர் காடியைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்ற பெருந்தன்மை அது. ஐரோப்பாவில் சில கம்பெனிகள் கூடி ஒரே பேட்டரிக்கு வந்திருக்கின்றன. மற்றவர்கள் இன்னும் தனித்தன்மையைக் காத்து வருகிறார்கள்.

சரி, பெருமக்களின் புகழ் இத்துடன் போதும். இனி வாங்குகிறவர்களிடம் பேச வேண்டும், ஏனென்றால் காசு நம் கையில் இருக்கிறது.

வீட்டுக்கு ஒரே அளவு என்று முடிவு செய்யுங்கள். என் தேர்வு ஏஏ பென்சில் கட்டை. பெட்டிக் கடையிலும் கிடைக்கும்; டார்ச், ரேடியோ, ரத்த அழுத்த மெஷின், சுவர்க் கடிகாரம் எல்லாம் அதில் ஓடும் மாடல்களாகப் பார்த்து வாங்கலாம். பழைய டி கட்டை டார்ச் இருந்தால் ஏஏ-வை உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் உறை கிடைக்கிறது. சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டையில், சார்ஜ் மெதுவாகவே இறங்கும் ரகமாகக் கேளுங்கள். 2005-இல் சான்யோ கொண்டுவந்த ரகம் அது. வருஷம் முழுக்கச் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் மிஞ்சும். சாதாரண கட்டையை டார்ச்சுக்குள் போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள், ஒழுகித் தகட்டை அரித்துவிடும். பாக்கெட்டோடு பக்கத்தில் வையுங்கள். பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். குளுக்கோமீட்டர் சிஆர்2032 பித்தான் பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் அதற்கு ஓர் அட்டை தனியே வேண்டும். குழந்தை கைக்கு எட்டாத இடத்தில், ஏனென்றால் விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கும். கைபேசிக்கும் மற்றதற்கும் ஒரே பவர் பேங்க், ஒரே டைப்-சி வயர். ஊராட்சியிலோ குடியிருப்போர் சங்கத்திலோ மொத்தமாக வாங்கினால் தெருவுக்கே ஒரே அளவு என்று தீர்மானம் போடுங்கள். அப்போதுதான் அண்டை வீட்டு பேட்டரி நம் டார்ச்சில் எரியும்.

புரட்டாசி முடிவதற்குள் கடைக்குப் போங்கள். விலை கேட்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூடி இல்லை என்றால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.