இறுக்கினால் போதுமா?

கேள்வி: எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கர பேரிங்கை மாற்றும்போது நட்டை நன்றாக இறுக்கினால் போதாதா?

பதில்: போதாது. இறுக்கம் வேறு, பொருத்தம் வேறு.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜிபியில், ஒவ்வொரு முன் ஹப்புக்குள்ளும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள். நடுவே ஒரு ஸ்பேசர். அதற்கும் வெளிப் பேரிங்குக்கும் இடையே ஷிம்கள் எனும் மெல்லிய தகடுகள். ஸ்பேசரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைச் சுருக்குபவர்கள் உண்டு. அது பெருந்தவறு. சக்கரம் நிற்கும் ஸ்டப் ஆக்சிலுக்கு விறைப்பைத் தருவதே ஸ்பேசர்தான்.

முதலில் பிரேக் காலிபரைக் கழற்றி, கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் ஹோஸ் பாரம் சுமக்கப் பிறந்ததல்ல. ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர் நீங்கினால் ஹப் வெளியே வரும். உள்ளே இறுகியிருக்கும் பழைய கப்களையும் (பேரிங்கின் வெளி வளையங்கள்) தட்டி எடுத்தாக வேண்டும்; தேய்ந்த கப் புது ரோலரையும் தின்றுவிடும். புதுக் கப் சாயாமல் அடிவரை இறங்க வேண்டும். ரோலர்களுக்கு இடையே கிரீஸ் நிரப்பி, புது ஆயில் சீலை மாட்ட வேண்டும்.

அடுத்ததுதான் உயிர்நாடி. நட்டை 40 பவுண்டு-அடிக்கு இறுக்கி, ஹப்பின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜால் அளக்க வேண்டும். 0.002 முதல் 0.004 அங்குலம் வரை இருக்கலாம். கூடினால் ஷிம்மைக் குறைக்கவும். ஆட்டமே இல்லையென்றால் சேர்க்கவும். பின்னின் துளைக்கு நேராக நட்டின் வெட்டு வரும்வரை மேலும் இறுக்கலாம், 70 பவுண்டு-அடியைத் தாண்டாமல். கடைசியில் புது ஸ்பிளிட் பின். பழையதை மறுபடி மாட்டாதீர்கள்.