சிவப்பு முத்திரைக் காலம்

தொண்ணூறுகளில் ஹாங்காங்கிலிருந்து ஷென்சென் போவதென்றால், ஹங் ஹாமில் ரயிலேறி லோ வூவில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு நெரியும் கூட்டத்தில் நாமும் ஒருவராகி ஆற்றுப்பாலத்தை நடந்தே கடக்க வேண்டும். ஆலை தொடங்க வந்த வெளிநாட்டு முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி கூடவே நடப்பார், அந்த நடைக்குள் அவருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் நான் சொல்லிவிடுவேன். ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் வருமான வரி 15 சதவீதம்தான், உற்பத்தித் தொழில் என்றால் லாபம் காணும் ஆண்டிலிருந்து 2 ஆண்டுகளுக்கு வரியே கிடையாது, அடுத்த 3 ஆண்டுகளுக்குப் பாதி. இந்த மூன்றையும் அன்று எவ்வளவு உற்சாகமாகச் சொல்வேன்! ஏதோ நானே தள்ளுபடி கொடுப்பதைப் போல.

முதல் நாள் மதியம் அவரைக் குவோமாவ் கட்டடத்துக்கு அழைத்துப் போவது வழக்கம். 1985-இல் எழும்பிய 53 மாடிக் கட்டடம், மூன்று நாளைக்கு ஒரு மாடி என்று கட்டினார்கள் என்பது ஊராரின் பெருமை. அதன் சுழலும் உணவகத்திலிருந்துதான் 1992 ஜனவரியில் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் நகரைப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு ஜன்னலில் பாரந்தூக்கிகளும் பாதி எழுந்த கட்டடங்களும் நகர்ந்து போக, சற்று நேரத்தில் மறுபக்கம் ஹாங்காங் எல்லையின் மீன்குளங்களும் பச்சை மலைகளும் வந்து சேரும். பணக்கார ஊரின் விளிம்பு வயலும் குளமுமாக இருக்க, நேற்றைய சிற்றூர் வானத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு மயங்காத முதலாளியை நான் பார்த்ததில்லை. நானும் மயங்கித்தான் கிடந்தேன்.

பிறகு காகிதங்கள். திட்ட முன்மொழிவு, சாத்தியக்கூறு அறிக்கை, ஒப்பந்தம், நிறுவன விதிகள், அதன்பின் ஒப்புதல் சான்றிதழ், அதைக் காட்டித் தொழில் உரிமம், உரிமத்தைக் காட்டி நிறுவனத்தின் சிவப்பு வட்ட முத்திரை. ஒவ்வோர் அறையிலும் ஒரு வெந்நீர்க் குடுவை, மூடிபோட்ட கோப்பையில் இலை மிதக்கும் தேநீர். ஜூன் மாதமென்றால் மேசைமேல் நான்ஷான் லிச்சிப் பழக்குலை. அதிகாரி பெரும்பாலும் ஹூனானிலிருந்தோ சிச்சுவானிலிருந்தோ வந்தவர், என் வயதுக்காரர். இயந்திரம் புதியதா பழையதா, சாயக் கழிவுநீர் எங்கே போகும், ஆட்கள் எங்கே தங்குவார்கள் என்று அவர் நிதானமாகக் கேட்கக் கேட்க, முதலாளிக்கே தன் திட்டத்தின் ஓட்டைகள் தெரிய ஆரம்பிக்கும். தாமதம் என்று எல்லோரும் குறைப்பட்டுக்கொண்ட அந்த மாதங்களில்தான் இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்களுக்கும் அப்படியோர் அலுவலக வராந்தா, அலுத்துக்கொண்டே காத்திருந்து இன்று ஆசையாக நினைக்கிற ஒரு பெஞ்சு, எங்காவது இருக்கும்.

எல்லாவற்றுக்கும் ஏங்க மாட்டேன். மண்டலத்தைச் சுற்றி இருந்த வேலியில், அனுமதிச்சீட்டு இல்லாத சீனத் தொழிலாளி தன் நாட்டிலேயே தடுத்து நிறுத்தப்படுவார். என் வாடிக்கையாளர் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுத் தாண்டிப் போவார். அதைப் பார்க்க அப்போதே கூசும். 2018-இல் அந்த எல்லையை முறைப்படி நீக்கியது எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம்.

அதே ஆண்டு செப்டம்பரில் அதிவேக ரயில் வந்தது. ஹாங்காங்கின் மேற்குக் கவுலூனிலிருந்து ஷென்செனின் ஃபூத்தியனுக்கு 14 நிமிடம். ஒரு கூட்டு முயற்சியின் ஆபத்துகளை விளக்க அது போதாது. வரிச் சலுகைக்கு 2008-இல் வந்த பொதுச்சட்டம் முடிவு கட்டியது. சில துறைகளைத் தவிர முன் ஒப்புதலே வேண்டாம், பதிவு செய்தால் போதும் என்று 2016-இல் ஆயிற்று. நல்ல மாற்றங்கள்தான். யாரைத் தெரியும் என்பதை வைத்து ஓர் ஆலை நிற்பதைவிட, சட்டத்தை யாரும் படித்துத் தெரிந்துகொள்வது மேல்.

வருகிறவர்களும் மாறிவிட்டார்கள். முன்பு கற்றுக்கொடுக்க வந்தார்கள். இப்போது ஹுவாச்சியாங்பெய் மின்னணுச் சந்தையில் உதிரிபாகங்களைப் பார்க்கவும், 2017 முடிவதற்குள் பேருந்துகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றிய நகரம் அவற்றை எப்படி ஓட்டுகிறது என்று படமெடுக்கவும் வருகிறார்கள். மாலை விமானத்தில் திரும்பிவிட வேண்டும் என்பார்கள். நான் விடுவதில்லை. வட்டார அலுவலகத்தாரோடு உட்கார்ந்து ஒருவேளையாவது சாப்பிடச் சொல்கிறேன்; சட்டப்படி அதற்கு எந்தத் தேவையும் இல்லை என்கிறார்கள், முணுமுணுத்துக்கொண்டே பயணச்சீட்டை மறுநாளைக்கு மாற்றுகிறார்கள்.