வூஃபர் வைத்தியர்

புனே நகரத்துப் பாணேரின் அடுக்குமாடி வளாகங்களில், வாரத்தின் ஐந்து நாள்களை ஹிஞ்சவடியிலுள்ள மென்பொருள் நிறுவனத்துக்கும் அங்கே போய்வரும் சாலை நெரிசலுக்கும் ஒப்படைத்துவிட்டு, மீதி இரண்டு நாள்களைப் பழைய ஸ்பீக்கர்களுக்குச் சாசனம் செய்துகொடுத்துவிட்ட ஐம்பது வயதுத் தமிழர் ஒருவர் எப்படியும் அகப்படுவார். அவர் வீட்டுப் பால்கனியில் துணி உலர்த்த இடம் இராது என்பதும், சால்டரிங் புகை சாம்பாரின் மணத்தை வென்றிருக்கும் என்பதும் அவரை அடையாளம் காண உதவும் குறிகள்.

அவர் முதலில் கைவைப்பது வூஃபரில், அதாவது தாழ்ந்த சுருதிகளை ஒலிக்கும் பெரிய கூம்பில். அக்கூம்பின் விளிம்பை உலோகச் சட்டத்தோடு இணைத்து, அது முன்னும் பின்னும் அசைய இடங்கொடுக்கும் வளையத்துக்குச் சரவுண்ட் என்று பெயர்; 1970களிலும் 80களிலும் வந்த பல ஸ்பீக்கர்களில் இது பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றின் ஈரம் அந்த நுரையின் மூலக்கூறுகளை மெல்லப் பிளப்பதால், பதினைந்து இருபது ஆண்டுகளில் விரல் பட்டதும் கரிய பிசுக்காக உதிர்ந்துவிடும். பாட்டே போடாமல் பூத்துணி போர்த்திக் காப்பாற்றிய பெட்டிக்கும் இதே கதிதான் என்பது, “தொட்டா கெட்டுப்போயிடும்” என்று பிள்ளைகளை விரட்டியே ஒரு தலைமுறையைக் கழித்த தந்தையர்க்கு இயற்கை இழைத்த அநீதி.

அழிந்த வளையத்தைச் சுரண்டி எடுத்துப் புதியதை ஒட்டுவது எளிதெனத் தோன்றினும், சூட்சுமம் கூம்பின் அடியில் இருக்கிறது. அங்கே காந்தத்தின் குறுகிய இடுக்கில் நிற்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில், இம்மியளவு விலகினாலும் உரசிக் கரகரக்கும். ஆகவே பசை உலரும்வரை சுருளை நடுவில் நிறுத்த, மெல்லிய பிலிம் துண்டுகளைச் சுற்றிலும் செருகிவைப்பது வழக்கம். மாமியாரின் முழங்கால் எக்ஸ்-ரே படம் இவ்வாறு துண்டுகளாகித் தொண்டு புரிந்த செய்தி, எலும்பு மருத்துவர் பழைய படத்தைக் கேட்கும் நாளில்தான் வீட்டாருக்குத் தெரியவரும். அதன்பின் சில வாரங்களுக்கு அவருடைய காப்பி ஆறிய பின்னரே மேசைக்கு வரும்.

1925இல் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வகுத்த அமைப்பு நூறாண்டாகியும் அடிப்படையில் மாறாததால்தான் இவ்வைத்தியம் சாத்தியமாகிறது என்று அவர் விளக்கத் தொடங்கும்போது, விருந்தினர் செருப்பைத் தேடுவர்.

உதிரிப் பொருள்களுக்காக அவர் யாத்திரை போவது புத்வார் பேட்டின் தப்கீர் கல்லிக்கு. சென்னை ரிச்சி தெருவுக்கு ஈடாக அவர் மதிக்கும் அச்சந்தில், கடைக்காரர் “நவீன் க்யா, காகா”, அதாவது புதிதாகவே வாங்கிவிடுங்கள் சித்தப்பா, என்று அறிவுரை கூறினால், ஸ்பீக்கரைப் பழித்ததற்கு வருந்துவதா, தம்மைக் காகா என்றதற்கு வருந்துவதா என்று தெரியாமல் திகைப்பார்.

அவர் மனத்தை உண்மையில் அரிப்பது ட்வீட்டர், அதாவது உயர்ந்த சுருதிகளுக்கான சிறு ஒலிப்பான். ஒலியைத் தாழ்வு உயர்வு பார்த்துப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் பலகையிலுள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள், ஆண்டுகள் செல்ல உள்ளே உலர்ந்து, ட்வீட்டருக்குச் சேரவேண்டியதில் ஒரு பங்கை விழுங்கத் தொடங்கும். அவற்றை அகற்றி, ஆயுள் நீண்ட பாலிப்ரொப்பிலீன் வகையைப் பொருத்திய பிறகும், கல்லூரி நாள்களில் இளையராஜா பாட்டில் கேட்ட சிம்பல் தட்டின் சிலிர்ப்பு திரும்பவில்லை என்பது அவர் குறை. மனிதச் செவி வயதேற ஏற மேல்சுருதிகளிலிருந்தே மந்தப்பட்டு வரும் என்பதும், ஐம்பதைக் கடந்தவர் பலருக்கு 15,000 ஹெர்ட்ஸ் அதிர்வு எட்டாது என்பதும் அவர் அறியாதவை அல்ல. பிறர் காதுக்குப் பொருந்தும் அறிவியலாக அவற்றை அவர் வைத்திருக்கிறார். கைப்பேசியிலிருந்து அந்த அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பிச் சோதிக்கையில், பக்கத்து அறையில் படிக்கும் மகள் காதைப் பொத்திக்கொண்டு, “அப்பா, அந்த விசில் சத்தத்த நிறுத்துங்கப்பா!” என்று கத்துவாள். “இன்னும் சத்தமே வரலையேம்மா” என்று பதிலளித்துவிட்டு, ட்வீட்டரின் திருகுகளை அவர் மறுபடியும் கழற்றத் தொடங்குவார்.