பிரகாஷ்ராஜ் இரண்டு தடவை அடிவாங்கும் ஊர்

திருத்தணியில் குடியிருப்பதில் ஒரு வசதி உண்டு. எந்தப் படத்தின் கிளைமாக்ஸையும் ஒரு வருஷம் முன்னதாகவே தெரிந்துகொள்ளலாம். ஜோசியம் தேவையில்லை, எல்லை தாண்டி ஆந்திராவிலிருக்கும் நகரிக்குப் பஸ் ஏறினால் போதும். 2003-ல் அங்கே மகேஷ் பாபு ‘ஒக்கடு’ என்று ஓடினார். 2004-ல் இங்கே விஜய் ‘கில்லி’ என்று ஓடினார். 2006-ல் அங்கே ‘போகிரி’, 2007 பொங்கலுக்கு இங்கே ‘போக்கிரி’. கூடுதலாக ஒரு ‘க்’ போட்டது நம் சொந்தச் சரக்கு. இசை இரண்டுக்கும் மணிசர்மா.

இந்தப் போக்குவரத்தில் நடுவில் மாட்டிக்கொண்டவர் பிரகாஷ்ராஜ். நான்கு படத்திலும் அவர்தான் வில்லன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு முறை மகேஷ் பாபுவிடம் அடி, இந்தப் பக்கம் ஒரு முறை விஜய்யிடம் அடி. இரண்டு மாநிலத்தையும் சமமாக மதித்த ஒரே மனிதர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும். அடிபட்டவரைக் கொண்டுபோவதற்கும் எங்கள் பக்கத்தில் கவலையே இல்லை. நகரியைத் தாண்டினால் புத்தூர். கை கால் முறிவுக்குப் புத்தூர்க் கட்டு என்றால் மதராஸ் வரைக்கும் பேர். தெலுங்குப் பட ஹீரோ ஒரே குத்தில் பறக்கவிடும் ஆட்கள் எல்லாம் எங்கே போகிறார்கள் என்று சிறு வயதில் நான் கேட்டதற்கு, எங்கள் தாத்தா யோசிக்காமல் சொன்ன பதில் அது.

அந்தப் புத்தூரில்தான் நான் பெண் எடுத்தேன்.

திருத்தணி, சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ம் தேதி. ம.பொ.சி. போராடி வாங்கிக் கொடுத்தார். சேர்ந்த தேதியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ராஜாங்கக் காரியங்களுக்கு அது நல்ல நாள். ஆனால் எல்லைப் பிரச்சினை அன்றைக்கே முடிந்துவிட்டது என்று சரித்திரப் புத்தகத்தில் எழுதியிருப்பதை எங்கள் வீட்டு ஹாலில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டிவியில் எந்தத் தமிழ்ப் படம் ஓடினாலும் என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே, “ஏமண்டி, ஒரிஜினல் பாத்தீங்களா?” என்பாள். ராஜராஜ சோழனைப் பற்றிப் படம் ஓடினாலும் கேட்பாள்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் ‘லொள்ளு சபா’ பார்த்தோம்.

விஜய் டிவியில் 2000-களின் நடுவில் வந்த நிகழ்ச்சி. இயக்கம் ராம்பாலா. பேர்பெற்ற படம் ஒன்றை எடுத்து, அதன் ஹீரோ, வில்லன், அம்மா, கோர்ட்டு, கண்ணீர் எல்லாவற்றையும் பிரித்துத் துவைத்துக் காயப்போட்டுவிடுவார்கள். சந்தானம் அங்கிருந்து வந்தவர். நடையையும் தலைமுடியையும் வைத்தே ரஜினி என்று நம்மை நம்பவைத்த ஜீவா இருந்தார். சுவாமிநாதன் இருந்தார். கூட்டத்தோடு கூட்டமாக ஓரத்தில் யோகி பாபு நிற்பார். அன்றைக்கு அவரை யாரும் தனியாகக் கவனித்ததில்லை. ‘போக்கிரி’யையும் விடவில்லை. ‘பேக்கரி’ என்று பேர் வைத்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் கொதிக்கவில்லை. நையாண்டிக்குச் சிரிக்க வேண்டுமென்றால் அசல் எது, கேலி எது என்று தெரிந்திருக்க வேண்டும். நாங்களோ ‘போகிரி’ பார்த்து, ‘போக்கிரி’ பார்த்து, அதற்கப்புறம் ‘பேக்கரி’யில் வந்து உட்கார்ந்தவர்கள். ஊருக்கு வந்திருந்த என் மாமனார் பத்து நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “இந்தத் தடவ ஹீரோவ மாத்திட்டாங்களா, மாப்ள?” என்றார். எடுத்த படத்தையே மறுபடி எடுப்பது அவருக்குப் புதிதில்லை. மூன்றாம் தடவையில் பட்ஜெட் குறைந்துவிட்டது என்றுதான் வருத்தப்பட்டார்.

என் அக்கா மகன் சென்னையில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வெளிநாட்டு கார்ட்டூன் முயல்களுக்கு மீசை வரைந்து சம்பளம் வாங்குகிறவன். ஆடிக் கிருத்திகைக்கு வந்தவன், காவடிக் கூட்டத்தில் நசுங்கி வீடு வந்து சேர்ந்ததும் ஒரு திட்டத்தை அவிழ்த்தான்.

“மாமா, அமெரிக்காவுல ‘தி சிம்ப்சன்ஸ்’, ‘ஃபேமிலி கை’னு வருது. கார்ட்டூன்தான், ஆனா பெரியவங்களுக்கு. பெரிய பெரிய படத்தையெல்லாம் வச்சு ஓட்டுறாங்க. அதே மாதிரி நம்ம லொள்ளு சபாவ கார்ட்டூனாப் பண்ணா எப்படி இருக்கும்? அப்புறம் அதையே சினிமாவா எடுத்துடலாம்.”

எவ்வளவு வேலை பிடிக்கும் என்று கேட்டேன். ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு படம் என்றான். இருபத்திரண்டு நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டால் 31,680. “அவ்வளவும் வரைய மாட்டோம் மாமா, ஒரே படத்த ரெண்டு தடவ காட்டிப் பாதியா மிச்சம் பண்ணிடுவோம்” என்று தொழில் ரகசியத்தையும் சொன்னான். ஒரே படத்தை இரண்டு தடவை காட்டுவதில் திருத்தணிக்காரனுக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்?

ஆனாலும் எனக்குத் திட்டம் பிடிக்கவில்லை. லொள்ளு சபாவுக்கு எதற்கு அனிமேஷன்? மனோகர் என்று ஒருவர் அதில் இருந்தாரே, அவரை நினைத்துப் பாருங்கள். வாய் ஒரு வசனம் பேசும். கை அதற்குச் சம்பந்தமில்லாமல் காற்றில் எதையோ வீசும். கால் இரண்டும் வேறு யாரோ கூப்பிட்ட மாதிரி வேறு திசையில் கிளம்பும். இதை 31,680 படமாக வரைந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, கொரியாவுக்கு அனுப்பி அசையவைத்து வாங்க வேண்டியதில்லை. வேன் வைத்து மனோகரை அழைத்து வந்தால் போதும். தமிழில் பெரியவர்களுக்கான கார்ட்டூன் ஏன் வரவில்லை என்று கருத்தரங்கம் நடத்துகிறவர்கள் இந்தச் செலவுக் கணக்கைக் கவனிக்க வேண்டும். நம்மிடம் கார்ட்டூன் மனிதர்கள் மலிவாகவும் கலகலப்பாகவும் இருந்தார்கள்.

தெலுங்குப் பக்கம் இன்னும் மோசம். ‘பல்நாட்டி பிரம்மநாயுடு’ என்று 2003-ல் ஒரு படம். பாலகிருஷ்ணா மிரட்டினதும் ரயில் வண்டி பயந்து பின்னால் போகும். அரக்கோணத்தில் சிக்னலுக்குக் காத்துக் கிடந்து வளர்ந்தவன் நான். ரயிலை அசைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். இதை இனி எந்தக் கார்ட்டூன் கேலி செய்துவிட முடியும்? அசலே எல்லாச் சாத்தியங்களையும் தீர்த்துவிட்டது.

டிவி கேலியைச் சினிமாவாக எடுப்பது என்று அவன் சொன்னது மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம். அமெரிக்காக்காரன் அதை நிறையவே யோசித்திருக்கிறான். ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடராக ஆரம்பித்தது 1989 டிசம்பரில். 1992-ல் ‘கேம்ப் க்ரஸ்டி’ என்று ஒரு பகுதியைச் சினிமாவாகவே நீட்டலாமா என்று பேச்சு வந்தது. கதை போதாது, அந்த வருஷம் டிவிக்கு வைத்திருந்த முதல் பகுதியும் கைவிட்டுப் போகும் என்று பயந்து டிவியிலேயே போட்டுவிட்டார்கள். கடைசியில் சினிமா வந்தது 2007 ஜூலையில். பதினேழரை வருஷம்! நம் ஊரில் அதற்குள் ஒரு நடிகர் அறிமுகமாகி, பட்டம் வாங்கி, கட்சி ஆரம்பித்து, அதைக் கலைத்தும் விடுவார். ‘சவுத் பார்க்’ கூட்டத்துக்கு அந்தப் பொறுமை இல்லை; 1997-ல் தொடர், 1999-ல் சினிமா. அவர்கள் ஒரு பகுதியை ஆறே நாளில் முடிக்கிறவர்கள். நம்ம சீரியல்காரர்கள் போல.

‘ஃபேமிலி கை’ 2007 செப்டம்பரில் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை எடுத்து ஒரு மணி நேரத்துக்கு ஓட்டு ஓட்டென்று ஓட்டியது. அதைச் செய்ய ஜார்ஜ் லூகாஸின் கம்பெனியே அனுமதி கொடுத்தது. இங்கேதான் எனக்குப் பொறாமை. எங்கள் படத்தைக் கிழித்துத் தொங்கவிடுங்கள் என்று படம் எடுத்தவனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான்! அதே வருஷம் நம் ஊரில் ‘பேக்கரி’க்கு நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

அரை மணி நேரக் கேலியை இரண்டரை மணி நேரமாக நீட்டுவதில் இருக்கும் ஆபத்து எங்கள் மலையில் ஏறியவர்களுக்குத் தெரியும். படி 365, வருஷத்துக்கு நாள் ஒன்று வீதம். முதல் ஐம்பது படி வரை கூட வருகிறவர்கள் ஜோக் அடித்துக்கொண்டே வருவார்கள். நூறில் ஜோக் நிற்கும். இருநூறில் மண்டபம் எங்கே என்று கேட்பார்கள். கேலிப் படமும் அப்படித்தான். முதல் அரை மணி நேரம் சிரிப்பு. அப்புறம் உட்கார ஒரு கதை வேண்டும், பாட்டு வேண்டும், இடைவேளை வேண்டும். யாரைக் கிண்டல் செய்யப் புறப்பட்டோமோ அவர்கள் கட்டிவைத்த மண்டபத்தில்தான் போய் உட்கார வேண்டியிருக்கிறது.

சி.எஸ். அமுதன் 2010 ஜனவரியில் ‘தமிழ்ப் படம்’ எடுத்தபோது இந்தச் சிக்கலை ஒரு தந்திரத்தால் சமாளித்தார். மண்டபத்தையே கேலி செய்துவிட்டார். ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடும் கிராமம். அதற்குப் பேர் சினிமாப்பட்டி. தப்பித்து வந்த பையன் சைக்கிள் பெடலைச் சுற்றச் சுற்ற சிவாவாக வளர்ந்துவிடுகிறான். பெண்ணின் அப்பா காபி சொல்கிறார். காபி வந்து சேர்வதற்குள் ஹீரோ ஒரு பாட்டில் கோடீஸ்வரனாகித் திரும்பிவிடுகிறார். ஹீரோவின் வாலிப நண்பர்களாக எம்.எஸ். பாஸ்கரும் மனோபாலாவும் வெண்ணிற ஆடை மூர்த்தியும்! கடைசியில் ‘டி’ என்ற மர்ம வில்லன் யார் என்று பார்த்தால், ஹீரோவின் பாட்டியாக வரும் பரவை முனியம்மா. இதில் எதுவும் கண்டுபிடிப்பு இல்லை. நாம் ஐம்பது வருஷமாகக் கைதட்டிப் பார்த்ததைத்தான் சற்றுச் சத்தமாகச் சொன்னார்கள். என் அபிப்பிராயத்தில் அந்தக் காபி ஒன்றே போதும், மீதியை எடுத்திருக்கவே வேண்டாம். 2018-ல் இரண்டாம் பாகமும் எடுத்தார்கள். வெற்றி பெற்றால் இரண்டாம் பாகம் எடுக்கும் வழக்கத்தைக் கேலி செய்வதற்காகத்தான் எடுத்திருப்பார்கள் என்று நான் நம்ப விரும்புகிறேன்.

கேலி செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது அதைவிடச் சுவாரஸ்யம். சந்தானம் 2011-ல் ‘வேலாயுதம்’, 2013-ல் ‘தலைவா’ என்று விஜய்க்குப் பக்கத்திலேயே நின்றார். அதற்கப்புறம் அவரே ஹீரோ: டூயட், சண்டை, ரசிகர்கள், பேனர். ராம்பாலா அவரை வைத்து 2016-ல் ‘தில்லுக்கு துட்டு’ எடுத்தார். ஓரத்தில் நின்ற யோகி பாபுவும் ‘மண்டேலா’வில் நாயகன். ஹீரோக்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்த கம்பெனியே ஹீரோக்களைத் தயாரிக்கும் தொழிற்சாலையாகிவிட்டது. இனி இவர்களைக் கிண்டல் செய்ய ஒரு சபா வேண்டும். அதிலிருந்து அடுத்த ஹீரோக்கள் வருவார்கள்.

சந்தானம் நாயகனாக வந்த ‘வல்லவனுக்கு புல்லும் ஆயுதம்’ 2014-ல் வெளியானது. நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, “மரியாத ராமண்ணா” என்றாள். ராஜமௌலி 2010-ல் தெலுங்கில் எடுத்தது. சும்மா விடக்கூடாது என்று அக்கா மகனிடம் விசாரித்தேன். அந்த ராமண்ணாவே பஸ்டர் கீட்டன் 1923-ல் எடுத்த ஊமைப் படத்திலிருந்து வந்தவர் என்றான். வெற்றிக் களிப்போடு போய்ச் சொன்னேன். “அவரு எந்த ஊரு? கடப்பாவா?” என்று கேட்டுவிட்டுப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தின் மானத்தைக் காப்பாற்றியது ‘தமிழ்ப் படம்’தான். சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் ரோடு எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. கதைகள் அதில் பெரும்பாலும் நகரிப் பக்கமிருந்துதான் இறங்கி வரும். இந்தக் கதை அதிசயமாக எதிர்த்திசையில் ஏறிப் போயிற்று. 2012-ல் பீமனேனி சீனிவாச ராவ் அதைத் தெலுங்கில் ‘சுடிகாடு’ என்று எடுத்தார். ஹீரோ அல்லரி நரேஷ். பாட்டியாக நம்ம கோவை சரளா. தமிழ்க் கேலிகளை எடுத்துவிட்டு அவர்கள் ஊர்ப் படங்களின் கேலிகளைப் போட்டார்கள். வீடு மாறாமல் குடித்தனக்காரர்களை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

மனைவியை அழைத்துக்கொண்டு நகரிக்குப் போய்ப் பார்த்தேன். தியேட்டரே குலுங்கியது. அவள் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். நான் அடுத்து என்ன வரும் என்று தெரிந்து முன்கூட்டியே சிரித்துக்கொண்டிருந்தேன். முன் வரிசைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். காபி வருவதற்கு முன்பே சிரிப்பவனை எந்த ஊரிலும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. செக்போஸ்ட் தாண்டும்வரை அவள் நினைத்து நினைத்துச் சிரித்தாள். தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்ததும், இத்தனை வருஷமாகக் காத்திருந்த வாக்கியத்தை நான் சொன்னேன்.

“ஒரிஜினல் பாத்தியா? இது 2010-லயே தமிழ்ல வந்துடுச்சு.”

அவள் ஜன்னலோரம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“ஐயோ பாவம், இதையுமா ரெண்டு வருஷம் முன்னாடியே காப்பி அடிச்சிட்டாங்க?”