எரிமலைத் தீவில் காணத்தக்கன எவை: உடுப்பிட்டி அளவுகோல் பற்றிய ஒரு முன்னாய்வு

எரிமலைத் தீவொன்றுக்குப் போனால் எவற்றைப் பார்க்கவேண்டும் என்ற வினாவுக்கு இதுவரை விடை சொன்னவர்கள் இரு சாரார்: அந்தத் தீவில் குடியிருப்போர், அங்கே போகச் சீட்டு விற்போர். மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளை வீட்டிலேயே விசாரிப்பதை எவரும் ஆய்வென்று ஒப்பமாட்டார்கள். எரிமலையோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத ஓர் ஊரின் தீர்ப்பே நடுநிலையானது என்பது இக்கட்டுரையின் எடுகோள். சிவசம்புப் புலவர் பிறந்த, யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் எரிமலை இல்லை, மலையே இல்லை, ஆறும் இல்லை. கருத்துக்கு மட்டும் என்றும் தட்டுப்பாடு வந்ததில்லை.

முதலில் நிலவியல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலத்தில் கடலடியிற் படிந்த சுண்ணக்கல். இந்து சமுத்திர எரிமலைத் தீவுகளில் மொறீசியஸுக்கு வயது எண்பது, தொண்ணூறு இலட்சம் ஆண்டளவு. ரீயூனியன் கடலுக்கு மேலே தலைகாட்டி முப்பது இலட்சம்கூட ஆகவில்லை. எங்கள் கல் மூத்தது. எரிமலைத் தீவுகளைப் பற்றிப் பேசும்போது உடுப்பிட்டியாரின் குரலில் ஏறும் தோரணையை அகந்தை என்று எண்ணுவோர் இந்த மூப்பு முறையை அறியாதவர்கள்.

உறவு முறையும் உண்டு. ரீயூனியனைக் கட்டிய அதே நிலத்தடி வெப்பப்புள்ளிதான் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியத் தட்டு அதன்மேலாக நகர்ந்தபோது, தக்காண மேட்டுநிலத்தில் எரிகுழம்பை அடுக்கடுக்காகக் கொட்டியது. பிறகு மாலைதீவுகளுக்கு அடித்தளம் போட்டு, மொறீசியஸைப் பெற்று, கடைசியாக ரீயூனியனில் வந்து நிற்கிறது. இதை எடுத்துரைத்தபோது முதன்மைத் தகவலாளரான பெரியம்மா (வயது கேட்கப்படவில்லை, கேட்கும் துணிவு ஆய்வாளருக்கு இல்லை) சிறிது யோசித்து, "அப்ப இந்தியா வழியில ஏதோ தூரத்துச் சொந்தம்" என்று ஏற்றுக்கொண்டார். அதன்பிறகே ரீயூனியன் படங்களைக் காட்ட அனுமதி கிடைத்தது.

படங்கள் பாரிஸ் மருமகனுடையவை. ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். பாரிஸிலிருந்து பதினொரு மணித்தியாலம் பறந்து இந்து சமுத்திரத்தில் இறங்கினாலும் அது உள்நாட்டுப் பயணம், யூரோதான் காசு. ஆகவே பாரிஸின் லா சப்பேல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறி வாங்குபவர்களில் சிலர் இப்போது விடுமுறைக்கு எரிமலை பார்க்கப் போகிறார்கள். மருமகனின் கைத்தொலைபேசி விறாந்தையில் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. பெரியம்மாவோடு ஆய்வுக் குழுவில் இருந்தவர்கள் ஓய்வுபெற்ற தபாலதிபரான முன்வீட்டு மாமாவும், வெளிநாட்டுச் சனத்தை ஊர் சுற்றிக் காட்டியே ஹயஸ் வான் கடனைக் கட்டி முடித்த வான்கார அண்ணையும்.

குழுவின் அளவுகோலை அறிய வான்கார அண்ணையின் வழமையான சுற்றைப் பார்த்தாலே போதும். தொண்டைமானாற்றில் சந்நிதி முருகன்: கும்பிடலாம், ஆற்றில் முழுகலாம், அன்னதானமும் கிடைக்கும். வல்லிபுர ஆழ்வார்: கும்பிடலாம், கடல் கிட்ட. கீரிமலை: கடலோரத்திலேயே நன்னீர்க் கேணி, பக்கத்தில் நகுலேஸ்வரம். வெறும் காட்சிக்காக மட்டும் வான் எங்கும் நிறுத்தப்படுவதில்லை. கும்பிடு, குளிப்பு, சாப்பாடு ஆகியவற்றில் இரண்டேனும் தேறாத இடத்துக்குப் போவதை அண்ணை "டீசலுக்குப் பிடிச்ச கேடு" என்கிறார். சுற்றுலாவியலில் இத்தனை சுருக்கமான இலக்கணத்தை ஆய்வாளர் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த அளவுகோலில் ரீயூனியன் மோசமாக அடிபட்டது. மைடோ என்ற உச்சியில் நின்றால் மஃபாத் என்னும் பெரும் பள்ளத்தாக்கு தெரியும். ஆனால் காலை ஏற ஏற முகில் மூடிவிடும், விடியமுன் வெளிக்கிடவேண்டும். "சந்நிதிக்கு நாலு மணிக்கு எழும்பலாம், முகில் பாக்க எழும்பேலாது" என்றார் பெரியம்மா. சலாசியில் மணப்பெண்ணின் முக்காடு என்று பெயர் பெற்ற அருவி: தெருவில் நின்று பார்க்கலாம், முழுக வழியில்லை. கடலாவது உண்டா என்றால், சுறாத் தாக்குதல்களுக்குப் பிறகு 2013 இல் பவளப்பாருக்கு வெளியே இறங்குவதைத் தடுத்துவிட்டார்கள். "இவ்வளவு தூரம் போயும் தலை நனைக்கேல்லையோ தம்பி?" என்ற வினாவுக்கு மருமகன் விடுதியின் நீச்சல் தடாகத்தைச் சொன்னார். அது பதிவேட்டில் ஏற்கப்படவில்லை.

தண்ணீருக்குப் பஞ்சமான தீவென்று இதனால் நினைத்துவிடக் கூடாது. 1966 சனவரியில் ஒரு புயலின்போது அங்குள்ள ஃபொக்-ஃபொக் என்னும் இடத்தில் 24 மணித்தியாலத்தில் 1,825 மில்லிமீற்றர் மழை கொட்டியது. அது உலக சாதனை. யாழ்ப்பாணத்தில் வழமையான ஓராண்டு முழுதும் பெய்வதைவிட இது கூட. முன்வீட்டு மாமா இந்த எண்ணை இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். கிணற்றடியில் மிளகாய்க்கன்றுக்கு இறைத்த தலைமுறைக்கு அது ஒரு காட்சியிடம்தான்.

குழு உண்மையில் நிமிர்ந்து உட்கார்ந்தது செந்த்-ரோஸ் மாதா கோயிலின் படத்துக்கு. 1977 இல் எரிகுழம்பு ஊருக்குள் இறங்கி, வாசல்வரை வந்து, இரண்டாகப் பிரிந்து, கோயிலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. கறுத்து இறுகிய குழம்பு இன்றும் சுவரோரம் கிடக்கிறது. இங்கேதான் ஒப்பியல் ஆய்வு சங்கடத்துக்குள்ளாகிறது. எங்கள் மணற்காட்டிலும் ஒரு பழைய அந்தோனியார் கோயில் உண்டு. மணல் வந்தது, ஒதுங்கவில்லை. கூரை போய், இடிந்த சுவர்கள் இன்று மணற்குன்றுகளுக்கு நடுவே நிற்கின்றன. நெருப்புக்குள்ள பயபக்தி எங்கள் மணலுக்கு ஏன் இல்லாமற் போயிற்று? எரிகுழம்புக்கு ஒருநாள் வேலை, மணல் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டு வருவது, வேலி அடைப்புத் தகராறுபோல, என்று மாமா விளக்கினார். இந்த ஆய்வில் கிடைத்த ஒரே அறிவியல் விளக்கம் இதுதான்.

அங்கே எங்கட ஆக்கள் இருக்கினமோ என்ற வினா கடைசியாகத்தான் வந்தது. இருக்கிறார்கள். 1848 இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள். அவர்களுக்கு அங்கே மலபார் என்று பெயர், வீட்டில் பேசுவது கிரியோல். கோயில் கட்டி, காவடி எடுத்து, தீமிதிக்கிறார்கள். வரலாற்றாளர்கள் கவனிக்காத புள்ளி ஒன்று: உலகின் ஓயாத எரிமலைகளில் ஒன்றின் அடிவாரத்தில் இருந்துகொண்டும், தீமிதிக்கு விறகு அடுக்கித் தாங்களே தணல் போடுகிறார்கள். வந்த நெருப்பு வேறு, வைத்த நெருப்பு வேறு என்ற தெளிவு அவர்களுக்கு இருந்திருக்கிறது. மொறீசியஸ்காரர் இன்னும் கெட்டிக்காரர். அணைந்துபோன எரிமலை வாயில் தேங்கிய ஏரியைக் கங்கா தலாவோ ஆக்கி, 1972 இல் கங்கை நீரையும் கொண்டுவந்து கலந்து, 33 மீற்றர் உயரச் சிவனையும் நிறுத்தி, சிவராத்திரிக்கு நடந்தே போகிறார்கள். எரிமலை வகையறாவில் உடுப்பிட்டி அளவுகோலில் முழுப்புள்ளி பெற்றது இது ஒன்றுதான்.

ஒரு விதிவிலக்கு: புத்தூருக்குக் கிட்ட உள்ள நிலாவரைக் கிணறு. அங்கே குளிக்கமுடியாது, சாப்பாடும் இல்லை. ஆனாலும் வான் நிற்கிறது. இராமர் அம்பெய்து தண்ணீர் எடுத்த இடம் என்பார்கள். எலுமிச்சம்பழத்தைப் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்பார்கள். எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளிவந்த தம் நூலில் இந்தக் கிணற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய குழி. மேலே நன்னீர், கீழே போகப் போக உவர். மலை இல்லாத ஊரார் அண்ணாந்து பார்ப்பதில்லை, குனிந்து பார்க்கிறார்கள் என்பதே ஆய்வாளர் கண்ட முடிபு. இதற்குச் சான்றாக, 2,632 மீற்றர் உயரமுள்ள, ரீயூனியனின் ஃபூர்னேஸ் எரிமலை உயரத்தால் எவரையும் அசைக்கவில்லை. 2007 ஏப்ரலில் அதன் உச்சி வாய் 300 மீற்றருக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது என்று மருமகன் சொன்னதும் மூவரும் ஒன்றாக, "எவ்வளவு ஆழம்?" என்றார்கள்.

அதன் பலத்தில் எரிமலைக்கே அனுமதி கிடைத்துவிடும் போலத்தான் இருந்தது. எப்ப எரியும் என்று பெரியம்மா கேட்டார். சில வருசம் இரண்டு மூன்று தரம், சில வருசம் இல்லை, ஆனால் நிலம் நடுங்குவதை வைத்து அவதான நிலையத்தார் முன்கூட்டி அறிவிப்பார்கள் என்றார் மருமகன்.

"கொடியேத்தம் எப்பெண்டு பஞ்சாங்கத்தில இல்லையோ? சரி, அறிவிச்ச பிறகு போகலாம்தானே?"

"இல்லைப் பெரியம்மா, அறிவிச்ச உடன மேல போற பாதையைப் பூட்டிப்போடுவாங்கள்."

"கொடியேறினதும் படலையைப் பூட்டுற திருவிழாவோ!" என்று பெரியம்மா தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். வான்கார அண்ணை விடியக்காலை ஆறு மணிக்குச் சந்நிதி என்று குறித்துக்கொண்டார்.