பொய்க் கடிகாரத்தில் மெய்யுறுப்பு ஏற்றும் விதி: ஒரு தத்துவ விசாரம்

பாயிரம்

ஆராயத் தக்க பொருள்களை எல்லாம் முன்னோர் ஆராய்ந்து முடித்துவிட்டமையால், பின்வந்தோராகிய நமக்கு எஞ்சி நிற்பவை ஆராயத் தகாதன என்று அவர்கள் ஒதுக்கிச் சென்ற பொருள்களே. அவற்றுள்ளும், போலி ரோலெக்ஸ் கைக்கடிகாரம் ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அவ்விடங்களில் அசல் ரோலெக்ஸின் உறுப்புகளைப் பொருத்தி மகிழும் அரிய கலையானது, மேல்நாட்டிலும் கீழ்நாட்டிலும் அநேகரால் இரவு பகலாக அப்பியசிக்கப்பட்டு வந்தும், சாஸ்திர முறைப்படி விசாரிக்கப்படாமல் கிடப்பது கல்வியுலகுக்கு ஒரு குறையே ஆகும். அக்குறையை நீக்குவதே இச்சிறு நூலின் நோக்கம். நுதலிய பொருள்: ஒரு பொய் எத்தனை மெய்யுறுப்புகளை ஏற்றால் மெய்யாகும் என்பது. கேட்போர்: தாம் மணி பார்ப்பதைக் காட்டிலும் பிறர் தம் மணிக்கட்டைப் பார்ப்பதைப் பெரிதாகக் கொண்டவர். பயன் இறுதியில் கூறப்படும்.

முதற்பொருளும் அதன் நிழலும்

ரோலெக்ஸின் வரலாறு சுருங்கச் சொல்லின் இது. ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் என்பவர் ஆல்ஃபிரெட் டேவிஸுடன் கூடி 1905இல் லண்டனில் தொடங்கிய வாணிகம், 1908இல் அப்பெயரைப் பதிவு செய்துகொண்டு, முதல் உலகப் போருக்குப் பின் ஜெனீவாவில் குடியேறி, 1926இல் நீர்புகாத கேஸையும் 1953இல் சப்மரீனர் என்னும் முக்குளிப்போர் கடிகாரத்தையும் ஈன்றது. சப்மரீனரே இன்று உலகில் மிகுதியாகப் போலி செய்யப்படும் கடிகாரங்களுள் ஒன்று. கடலுக்குள் இறங்குவோருக்காகப் பிறந்த அது, பெரும்பாலும் கல்யாண மண்டபங்களிலும் அலுவலகங்களிலுமே காட்சி தருகிறது.

கடிகாரத்தில் போலி என்பது புதிய பாவம் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் வாழ்ந்த ஆபிரகாம் லூயி பிரெகே என்னும் பேராசான், தம் பெயரைத் திருடி விற்போரின் தொல்லை தாங்காமல், டயலின் மேல் ஒளி சாய்வாக விழுந்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய இரகசியக் கையொப்பம் ஒன்றைப் பொறிக்கலானார். ரோலெக்ஸும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், கண்ணாடியின் ஆறு மணித் திசையில், லேசர் கொண்டு மிகச் சிறிய கிரீடம் ஒன்றைப் பொறிக்கத் தொடங்கிற்று. போலி செய்வோர் அதையும் பொறிக்கக் கற்றுக்கொண்டனர். ஆனால் அவர்களுடைய கிரீடம் பெரும்பாலும் சற்றுத் தெளிவாகவே தெரிந்துவிடும். பொய்க்கு எப்போதும் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆவல் சிறிது மிகுதி.

வகைப்பாடு

நூல்களை முதல், வழி, சார்பு என மூவகையாகப் பகுத்த நன்னூலாரின் நெறியைக் கடிகாரத்துக்கும் கொள்ளலாம். சப்மரீனர் முதல்நூல். அதன் வடிவைத் தழுவித் தம் சொந்தப் பெயரை இட்டு விற்கும் கடிகாரங்கள் சார்புநூல். இவற்றில் குற்றமில்லை, கூச்சமுமில்லை. வழிநூலாசிரியன் முன்னோன் சொன்னதோடு உடன்பட்டும் தான் கண்ட சில வேறுபாடுகளைச் சேர்ப்பான். போலிக் கடிகாரமோ வேறுபாடு ஒன்றும் சேர்க்கக் கூடாது என்பதையே விரதமாகக் கொண்டு, முதனூலாசிரியன் பெயரையும் தானே எழுதிக்கொள்வது. ஆதலின் இது மூன்றினும் அடங்காது. அப்போலியின் உடம்பில் முதனூலின் ஏடுகளையே கிழித்து வைத்துத் தைக்கும் நான்காம் வகையே நம் ஆராய்ச்சிப் பொருள்.

உறுப்பியல்

மெய்யுறுப்பு ஏற்றும் முறைமையில் ஓர் ஒழுங்கு உண்டு; அது கண்ணுக்குத் தெரியும் வரிசையே ஆகும். முதலில் மாறுவது கண்ணாடி; ஏனெனில் தேதியைப் பெருக்கிக் காட்டும் அசல் குமிழ்க்கண்ணாடி இரண்டரை மடங்கு பெருக்குவது; போலியில் உள்ளதோ பல சமயம் அத்தனை பெருக்காமல், தேதி கிணற்றடியில் கிடப்பதுபோல் காட்டும். அடுத்தது சாவி கொடுக்கும் குமிழ். இங்கேதான் கலைஞரின் துன்பம் தொடங்குகிறது. அசல் குமிழின் மரையும் போலிக் குழலின் மரையும் ஒத்துப்போவதில்லை. ஆகவே குழலையும் அசலாக்க வேண்டும். அசல் குழல் போலிக் கேஸில் இறங்காது. ஆகவே கேஸைத் துளைத்துப் புதிதாக மரை வெட்ட வேண்டும். ஒரு மெய் சொல்லத் தொடங்கினால் அதைக் காக்க ஒன்பது மெய் சொல்ல நேரும் என்னும் புதுமையான நிலையை இங்குக் காண்கிறோம்.

பெசல் வளையத்தின் மேல் பதிக்கும் எண்தகடு மூன்றாவது. 2010க்குப் பின் வந்த சப்மரீனர்களில் இது வெளிறாத பீங்கான் வகை. முன்னவற்றில் வெயிலில் வெளிறும் அலுமினியம். வெளிறாத தகடு தரத்தில் சிறந்தது என்று பாமரர் நினைப்பர். பழமை விரும்பிகளோ, கரியது சாம்பல் நிறமாய் வெளிறிய பழைய தகட்டை, புதியதற்குக் கொடுப்பதைக் காட்டிலும் மிகுந்த விலை கொடுத்து வாங்குவர்.

டயலும் முட்களும் அடுத்து மாறுவன. போலிகளுள் மேலானவை என்று பெயர் பெற்றவை பலவற்றில் ஸ்விட்சர்லாந்தின் ஈடிஏ 2824 இயந்திரமோ, அதைப் பார்த்துச் சீனத்தில் செய்த இயந்திரமோ இருக்கும். அசல் டயலின் அடியிலுள்ள இரு சிறு கால்கள் ரோலெக்ஸின் இயந்திரத்துக்கென்று அமைந்தவை. அவை ஈடிஏயின் துளைகளில் இறங்கா. எனவே கலைஞர் அசல் டயலின் கால்களை வெட்டி, பசையிட்டு ஒட்டுகிறார். அசல் முட்களின் துளைகளும் பொருந்தாமையால் அவற்றையும் குடைந்தோ இறுக்கியோ திருத்துகிறார். வாசகர் இங்குச் சற்றே நின்று நோக்க வேண்டும். கால் வெட்டப்பட்ட அந்த டயல் இனி எந்த அசல் கடிகாரத்திலும் முறைப்படி அமராது. பொய்யில் குடியேறுவதற்காக மெய் தன் காலை இழந்தது. பொய்யோ ஒன்றும் இழக்கவில்லை.

இருளில் ஒளிரும் பூச்சின் கதை இன்னும் விசித்திரமானது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் டயல்களில் பூசப்பட்ட டிரிட்டியம் என்னும் பொருளின் அரையாயுள் சுமார் 12 ஆண்டுகள். ஆகவே 1970களின் டயல் இன்று இருளில் ஏறத்தாழ ஒன்றும் காட்டாது. ஆனால் அதன் புள்ளிகள் பழுத்து மஞ்சளாகியிருப்பதால் மதிப்பு மலையேறிவிட்டது. அத்தகைய டயலைத் தேடிப் பிடித்தவர், பொருத்தமான பழைய முட்கள் அகப்படாவிடில், புதிய முட்களுக்குச் சாயம் ஏற்றி முதுமை பூசுகிறார். இளமையைத் திரும்பப் பெற மனிதர் செலவிடும் பொருளுக்கு ஈடாக, முட்களுக்கு முதுமை வாங்கித் தருவதிலும் செலவிடப்படுகிறது என்பது பொருளாதார நூலோர் கவனத்துக்குரியது.

கடைசியாக மாறுவது, அல்லது மாறாமலே போவது, இயந்திரம். காரணம் எளிது: சப்மரீனரின் பின்மூடி ஒளி ஊடுருவாத உருக்கு; உள்ளே இருப்பதை யாரும் காணார். 1988இல் வந்த ரோலெக்ஸின் 3135 இயந்திரத்தில் 31 கற்கள். ஈடிஏ 2824இல் 25. எனினும் இரண்டும் மணிக்கு 28,800 அசைவு கொண்டவை. இரண்டிலும் வினாடி முள் வினாடிக்கு எட்டுச் சிறு நடை நடக்கும். கண்ணால் பிரித்தறிய முடியாது. சரியாகத் திருத்திய ஈடிஏ பிழையின்றி மணி காட்டவும் செய்யும். ஆக, கடிகாரம் எதற்காக உண்டாயிற்றோ அந்த ஒரு தொழிலில் மட்டும் பொய்க்கும் மெய்க்கும் வழக்கே இல்லை.

பூர்வபட்சம்

விகிதவாதி எழுந்து பின்வருமாறு வாதிப்பான்: “மெய்ம்மை ஒரு விகிதம். ஸ்விட்சர்லாந்தின் சட்டமே 2017 முதல், கடிகாரத்தின் உற்பத்திச் செலவில் நூற்றுக்கு 60 பங்கேனும் அந்நாட்டில் ஆகியிருந்தால்தான் அந்நாட்டுப் பொருள் என்று எழுதலாம் என்கிறது. அங்ஙனமாயின், அறுபது பங்கு அசல் உறுப்பு ஏறிய போலி, அசல் என்றே கொள்ளப்படுவதற்கு என்ன தடை?”

அவனுக்கு விடை: அச்சட்டம் விகிதத்தோடு நிற்கவில்லை; இயந்திரம் அந்நாட்டினதாய் இருத்தல், கேஸில் ஏற்றுதல், இறுதிப் பரிசோதனை ஆகியவையும் அங்கேயே நிகழ வேண்டும் என்கிறது. மேலும் அது நாட்டைப் பற்றியது. வணிகப் பெயரைப் பற்றியது அன்று.

இரண்டாம் வாதி பௌத்தன். தேரில் வந்த மிலிந்த மன்னனை நோக்கி நாகசேனர், ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று வினவி, தேர் என்பது வெறும் பெயரே என்று நிலைநாட்டியதைப் போல, டயல் ரோலெக்ஸா, முள் ரோலெக்ஸா, இயந்திரம் ரோலெக்ஸா என்று கேட்டு, ரோலெக்ஸ் என்பதும் வெறும் பெயரே என்பான். மெய்தான், ஆனால் இக்கடிகாரத்தில் களவு போனது அந்தப் பெயர்தானே! உறுப்புகளின் வேறாய் உறுப்பி என ஒன்று உண்டு என்னும் நையாயிகன் இதைக் கேட்டுப் புன்னகை செய்வான். வர்த்தகச் சின்னச் சட்டம் படித்த வக்கீல்கள் அவனோடு சேர்ந்துகொள்வர்.

மூன்றாம் வாதி கிரேக்கன். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் பழைய கப்பல்தானா என்னும் வினாவைப் புளூட்டார்க் எழுதிவைக்க, கழற்றிய பழம்பலகைகளைக் கொண்டே இன்னொரு கப்பல் கட்டினால் என் செய்வது என்று ஹாப்ஸ் பதினேழாம் நூற்றாண்டில் சிக்கலை முறுக்கினார். நம் கலைஞரின் மேசைமேல் அந்த இரண்டாம் கப்பல் ஒரு டப்பாவில் கிடக்கிறது: கழற்றப்பட்ட போலிக் கண்ணாடி, போலிக் குமிழ், போலி டயல், போலி முட்கள்.

சித்தாந்தம்

இவற்றை எல்லாம் எடைபோட்டு நாம் நாட்டும் கொள்கை இதுவே: பொய்ம்மை தொற்றும், மெய்ம்மை தொற்றாது. தீட்டு மடியைத் தொட்டால் மடி கெடுமேயன்றி, மடி தொட்டதால் தீட்டு விலகுவதில்லை என்பது நம் வீட்டுப் பாட்டிமார் அறிந்த நியாயம். அமெரிக்க நீதிபதிகளும் அதையே அறிந்திருக்கிறார்கள். 1999இல் அந்நாட்டின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பழைய அசல் ரோலெக்ஸ்களில் வேற்றார் செய்த உறுப்புகளைப் பொருத்தி, ரோலெக்ஸ் குறியோடே விற்பது போலி விற்பதே என்று தீர்த்தது. மெய்யில் பொய் கலந்தால் முழுதும் பொய். பொய்யில் மெய் கலந்தாலும் பொய்யே.

அப்படியானால், கேஸும் இயந்திரமும் உட்பட எல்லா உறுப்புகளும் அசலாக மாறிவிட்டால்? அப்போதும் பொய் மெய்யாகவில்லை. முதலில் வாங்கிய போலி டப்பாவுக்குள் இடம் மாறிவிட்டது, அவ்வளவே. கையில் இருப்பது, கடையில் முழுதாய் வாங்கியிருந்தால் ஆகும் விலையைவிடக் கூடுதலாகச் செலவிட்டு, துண்டு துண்டாய் வாங்கிய ரோலெக்ஸ். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதற்கு இதனினும் துல்லியமான உதாரணம் உலகில் இல்லை.

பயன்

இக்கலையால் விளையும் நன்மை ஒன்று உண்டு. அது கலைஞருக்கு உரியது. திருகையும் மரையையும் முள்ளின் துளையையும் இவ்வளவு ஊன்றி அறிந்தவர், அசல் கடிகாரத்தைக் காசு கொடுத்து வாங்கி அதை ஒருநாளும் திறந்து பாராதவரைவிடக் கடிகாரத்தை நன்றாக அறிந்தவரே. அந்த அறிவை அவர் வைத்துக்கொள்ளட்டும். கடிகாரத்தோடு ஜெனீவா செல்வதை மட்டும் தவிர்ப்பாராக. 2008 முதல் ஸ்விட்சர்லாந்துச் சுங்கத்தார், சொந்த உபயோகத்துக்கென்று கொண்டுவரும் போலியையும் பறிமுதல் செய்யலாம். பின்னாளில் விற்க நேர்ந்தால், போலி என்று வாய் திறந்து சொல்லியே விற்பாராக. சொல்லாமல் விற்பாரானால், அவர் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த ஒவ்வோர் அசல் உறுப்பும் அந்த ஏமாற்றுக்குத் துணை நின்றதாகும். வாங்குவோர் பின்மூடியைத் திறந்து பார்த்த பிறகே காசை எண்ணுக.