கோவாவுக்குக் கூட்டாளி இல்லை

வா பேராண்டி, வா. கொட்டகலைக் கடையில இருந்த பங்கசு மருந்து அத்தனையும் உன் பையிலதான் போல. லயத்துக்குப் பின்னால நாலு பாத்தி லீக்ஸு, அதுக்கு மூணு போத்தலா? சம்பளம் கூடினதை எங்கிட்ட யாருமே சொல்லலியே!

பங்கசுன்னா உனக்குக் கோவம் வரத்தான் செய்யும். 1869ல வந்த துருநோய் கோப்பியைத் தொடச்சிட்டுப் போயிருச்சு. 1946ல கொப்புள நோய் வந்து தேயிலைக் கொழுந்தைப் பதம் பாத்துச்சு. ரெண்டு போக்கிரிப் பயலுக செஞ்சதுக்கு வம்சத்தையே ஒழிக்கணுங்கிற. ஒங்க சித்தப்பனை வச்சு ஒன்னைய எடை போட்டிருந்தா ஒனக்கு எவன்டா பொண்ணு குடுத்திருப்பான்?

ஒரு லீக்ஸைப் புடுங்கிப் பாரு. வேரு வெள்ளையா, தடிப்பா இருக்கும். கிளையும் தூவியும் கம்மி. அதை வச்சுக்கிட்டு அது எம்புட்டுத் தூரம் போய்ச் சத்து தேடும்? தேடுறது வேருக்குள்ள குடியிருக்கிற பூஞ்சணம், நீ ஒழிக்கப் பாக்குற அதே பங்கசு வம்சம்தான். வேரு நுழையாத சந்துலயும் அதோட நூலு நுழையும். பொஸ்பேட்டைக் கொண்டாந்து குடுத்துட்டு, சீனியும் கொழுப்பும் வாங்கிக்கிரும். ஆராய்ச்சிக்காரங்க இந்தப் பூஞ்சணத்தைப் பெருக்குறதுக்கே லீக்ஸ் நடுறாங்க. நீ அந்த லீக்ஸு வேருலயே மருந்து ஊத்துற. படிச்ச புள்ளை!

நோய்க்கும் இதுக்கும் என்னா சம்பந்தங்கிறியா? பூஞ்சணம் உள்ள வர்றப்ப செடி மொதல்ல மெரளும். அப்புறம் பழகிரும், ஆனா முழிப்பு மட்டும் போகாது. மேல் லயத்துல சிறுத்தைன்னு சத்தம் கேட்டா நாம தாப்பாளைப் போட்டுட்டுக் காதைத் தீட்டி வச்சிருக்கோமே, அப்புடி. அழுகல் நோயோ, வேரைத் திங்கிற வட்டப்புழுவோ நெசமாவே வர்றப்ப, தோலைத் தடிப்பாக்கி எதிர்ச்சாறு சுரக்கிறதுக்குச் செடி ரொம்ப நேரம் எடுக்காது. வேருல இடத்தையும் பூஞ்சணம் ஏற்கனவே புடிச்சிருச்சு. அதுக்காக இலையில வர்ற கொப்புளத்துக்கும் இதையே நம்பிக்கிட்டுக் குந்திராத.

கோவாவும் பீட்ரூட்டும் ராங்கிக்காரிக. இந்தப் பூஞ்சணத்தை வேருப்பக்கம் அண்டவே விடாதுக. கோவா புடுங்கின பாத்தியில அது கொறைஞ்சுதான் கெடக்கும். லீக்ஸுக்கு முந்தி ஒரு போகம் போஞ்சி போடு. மம்பட்டியால சும்மா சும்மா கிண்டாத, நூலு அறுந்துரும். பொஸ்பேட் உரத்தை மூட்டை மூட்டையாக் கொட்டினா, செடி 'நீ எதுக்குடா எனக்கு'ன்னு பூஞ்சணத்தை வெளிய தள்ளிரும்.

தேயிலை மலையையும் பாரு. பழைய தேயிலையைப் புடுங்கின மலையில ஒன்றரை, ரெண்டு வருசம் குவாத்தமாலாப் புல்லோ மானாப்புல்லோ வளர்க்கச் சொல்லுது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம். புல்லு வளர்க்கவும் ஒரு ஆராய்ச்சியான்னு சிரிச்சவங்க இருக்காங்க. மண்ணு தேறணும், வட்டப்புழு அடங்கணும், அதுக்குத்தான். அந்தப் புல்லு வேருலயும் இந்தப் பூஞ்சணம் குடியிருக்கும்.

போத்தல் சீலை ஒடைக்கலைல்ல? நாளைக்கே கொண்டுபோய்த் திருப்பிக் குடு. காசு கையில வந்ததும் நேரா இங்க வா. எனக்கு வெத்தலைச் செலவு இருக்கு.